சுண்ணாம்புக்கு அடியில்

கொல்லங்கோடு
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. உங்கள் எஸ்டேட்டில் சிக்னல் வேறு பாதிப் பேச்சை விழுங்கிவிடும், அதுவும் நல்ல பாதியாகப் பார்த்து. அதனால் எழுதுகிறேன். நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது என்பது இதில் ஒரு வசதி.

போன வாரம் உன் வீட்டுப் பின்சுவரில் நான் செய்துவிட்டு வந்த வேலையை அத்தான் சரியாகப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. "எங்க கொழுந்தியா செவுத்துக்குப் பிளாஸ்திரி போட்டுட்டுப் போறா" என்று அடுத்த வீட்டில் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. அது பிளாஸ்திரி இல்லை. அடுப்படிக்குப் பின்னால், வெளிப்பக்கச் சுவரில் மேலிருந்து கீழே ஓடுகிற விரிசலின் குறுக்கே ஒரு கை சிமெண்ட் பூசி, ஆணியால் தேதி கீறியிருக்கிறேன். விரிசல் அப்பா காலத்துப் பழையதா, அல்லது உங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே இருக்கிற சரிவு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நகர்ந்தால் சிமெண்ட் உடையும். நகராவிட்டால் முழுசாக இருக்கும். இத்தனை வருடம் படித்ததும் படிப்பித்ததும் கடைசியில் அந்த ஒரு கை சிமெண்டில் வந்து நிற்கிறது.

மலைச்சரிவு ஆபத்தை அளக்கிற இந்த வேலையை மாவட்டக் குழு என்னிடம் கொடுத்தபோது, அந்த லயத்தில் என் அக்கா இருக்கிறாள், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொன்னேன். "தமிழ் பேசுகிற ஆள் போனால்தான் கதவைத் திறப்பார்கள்" என்று சொல்லி என்னையே அனுப்பினார்கள். பெட்டிமுடியிலும் வயநாட்டிலும் மலை சரிந்து ஆட்கள் புதைந்த பிறகு எல்லோருக்கும் பயம்.

பிப்ரவரியில் என் மாணவி மாரீஸ்வரி வந்து அந்தச் சிமெண்ட் குறியைப் பார்ப்பாள். முழுசாக இருந்தால் உங்கள் லயத்துக்கு மஞ்சள் போடுவேன். தேயிலைக் காட்டில் மழைத்தண்ணீர் போகிற கான்களைக் கம்பெனி சரிசெய்ய வேண்டும், பெருமழை நாளில் கீழே இறங்கிவிட வேண்டும், மற்றபடி குடியிருக்கலாம். உடைந்திருந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் எல்லோரும் காலி செய்ய வேண்டும், அது உனக்கும் எனக்கும் நல்லதில்லை என்று தெரியும். அதுவரை அந்தச் சுவரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள். உன் மகள் ஜின்சியைக் கேட்டதாகச் சொல்.

பெர்சி


அணைக்கல் எஸ்டேட், மேல் டிவிஷன்
1 டிசம்பர் 2024

பெர்சிக்கு,

தேவமாதா கிருபையால் இங்கே எல்லோருக்கும் சுகம், முட்டுவலியைத் தவிர. உன் கடிதத்தை ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்துத்தான் படித்தேன். பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற என் கையில் காகிதத்தைப் பார்த்ததும் நாலு பேர் கூடிவிட்டார்கள். மடித்து வைத்துக்கொண்டேன்.

மஞ்சள், சிவப்பு என்று என்னமோ எழுதியிருக்கிறாய். உனக்கு அது நிறம். எங்களுக்கு என்னவென்று உனக்குத் தெரியாதா, நீயும் இந்த லயத்தில் பிறந்தவள்தானே? வேலை இருக்கும்வரைதான் வீடு. கம்பெனி ஒரு தரம் பூட்டினால் பூட்டினதுதான். மழைக்கு மட்டும் கீழே இறங்குங்கள், பிறகு திரும்பி வரலாம் என்று கீழ் டிவிஷனில் ஒரு வருடம் சொன்னார்கள். இறங்கிப் போனவர்கள் திரும்பி வந்தபோது கதவில் வேறு பூட்டு தொங்கியது. இன்னும் அபேட்சை மனு எழுதிக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்கும் பஞ்சாயத்துக்கும் நடக்கிறார்கள். சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது நமக்கு. நீ மண்ணைப் பற்றியே படித்தவள், இதையும் கொஞ்சம் படித்திருக்கலாம்.

நீ காலேஜில் சேர்ந்தபோது அப்பா என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "கல்லப் படிக்கதுக்கு எதுக்குட்டி காலேசு? இங்க கால் வச்ச எடமெல்லாம் கல்லுதான கெடக்கு." சொன்னார், ஆனால் அனுப்பினார். நீ சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுத் திரிந்தாய். அம்மா கண்ணை மூடியபோது ஒடிசாவில் ஏதோ மலையில் இருந்தாய். மண் போட்ட பிறகுதான் வந்து சேர்ந்தாய். நான் அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எங்கள் மலைக்கே வந்து தட்டிப் பார்க்கிறாய், அதனால் சொல்கிறேன்.

லயத்தில் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள், உன் தங்கச்சி என்ன எழுதப் போகிறாள் என்று. நல்லதாக எழுதுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் வாக்கைக் காப்பாற்று.

சந்தனமேரி


கொல்லங்கோடு
9 பிப்ரவரி 2025

அக்கா,

மாரீஸ்வரி நேற்று உன் வீட்டிலிருந்து வந்தாள். அழுகிற மாதிரி இருந்தாள். பின்சுவர் முழுக்க வெள்ளையாக இருக்கிறது, குறி எங்கே என்றே தெரியவில்லை, சுரண்டிப் பார்க்கிறேன் என்று கத்தியை எடுத்தால் உங்கள் அக்கா கையைப் பிடித்துவிட்டார் என்றாள். விரிசல்மேல் மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்து, அதன்மேல் இரண்டு தரம் வெள்ளை அடித்திருக்கிறீர்களாம்.

நான் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்று, அந்தச் சுவரைத் தொடாதே என்று. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? விரிசலை மூடினால் மலைக்குத் தெரியாதா?

மண் நகர்கிறதா என்று அளக்கச் சரிவுக்கு மேலே நான் அடித்து வைத்த குச்சிகளை யானைகள் மிதித்துப் போட்டுவிட்டன. அவற்றிடம் கோபப்பட முடியாது. மிச்சம் இருந்த சாட்சி உன் பின்சுவர் ஒன்றுதான். அறிக்கையை இந்த மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒரு காரியம் செய். ஒரு கத்தியை எடுத்து, அந்த இடத்தில் மட்டும் மெதுவாகச் சுரண்டு. சுண்ணாம்பு சுலபமாக வந்துவிடும், சிமெண்ட் வராது. தேதியின் குறுக்கே கோடு விழுந்திருக்கிறதா இல்லையா, அதை மட்டும் ஜின்சி போனில் ஒரு படம் எடுத்து அனுப்பட்டும். நானே வந்து பார்க்க வேண்டும் என்றாலும் சரி.

ஒன்று தெரிந்துகொள். குறி உடைந்திருந்தால் சிவப்பு. குறியே பார்க்க முடியாவிட்டாலும் சிவப்புத்தான். தெரியாத இடத்தில் ஆபத்து இல்லை என்று எழுத எனக்கு உரிமை கிடையாது. வகுப்பில் இதைத்தான் வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

பெர்சி


மேல் டிவிஷன்
16 பிப்ரவரி 2025

பெர்சி,

உன் கடிதத்தை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். பூனை என்று என்னை எழுதியிருக்கிறாய், நல்லது. பூனைக்கும் ஒரு வீடு வேண்டும்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் லயம் முழுக்க வெள்ளை அடிப்பது நேற்று வந்த வழக்கமா? நீயும் நானும் அம்மாவோடு சுண்ணாம்பு வாளி தூக்கினவர்கள்தானே. சப்பரம் வரும் வழியில் அழுக்குச் சுவரோடு ஒரு வீடு நின்றால் ஊர் என்ன பேசும்? அதற்கும் மேலே, ஜின்சியைப் பெண் பார்க்க அடிமாலியிலிருந்து வந்தார்கள். கை கழுவப் பின்பக்கம்தான் போவார்கள். விரிசல், அதன்மேல் ஒரு ஒட்டு, ஒட்டின்மேல் ஒரு தேதி. "இது என்ன, இந்த வீடு இடியப் போகுதா?" என்று பையனின் அத்தை கேட்டால் நான் எந்த வாயால் பதில் சொல்ல? அதனால்தான் நானே என் கையால் அடைத்தேன். விரிசல் கண்ட வீட்டில் பெண் எடுக்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்?

சுரண்ட மாட்டேன். உன் மாணவியையும் சுரண்ட விடவில்லை, இனி யாரையும் விடவும் மாட்டேன். காரணம் கேட்பாய், உனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும். பயம்தான் காரணம். கத்தியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் பின்னால் போனேன். கை ஓடவில்லை. உடைந்திருந்தால் நான் பார்த்த பிறகு எப்படி அந்த வீட்டில் படுப்பேன்? பார்க்காதவரைக்கும் அது என் வீடு. உன் அத்தான் கூடச் சொன்னார், "ஏ மேரி, அவ படிச்சவ, சொன்னா கேளு, சொரண்டி ஒரு படம் அனுப்பிரு." அவருக்கும் என் வாயால் திட்டுதான் கிடைத்தது.

சுவர் தெரியவில்லை, அதனால் சிவப்பு என்கிறாய். சுவர் தெரியவில்லை, ஆனால் அக்காவைத் தெரியும் என்று எழுத முடியாதா? கூடப் பிறந்தவளை விட அந்தக் குழு பெரிதாகிவிட்டது. நீ இப்போது இங்கே வராதே. வந்தால் லயத்துக்காரர்கள் முன்னால் நான் உன்னை மரியாதையாக நடத்த மாட்டேன்.

மேரி


கொல்லங்கோடு
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். மேல் டிவிஷன் லயம் சிவப்பு. பேப்பரில் வருவதற்கு முன்னால் என் வாயிலிருந்து உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

மஞ்சள் போட எனக்குக் கை வந்தது, அக்கா. வரைபடத்தில் சிவப்புக் கோட்டை ஒரு விரல் தள்ளி இழுத்தால் போதும், யாருக்கும் தெரியாது. ஒரு மத்தியானம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரம்மா நாச்சம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், உங்க ஊட்டு ஆளுங்க அங்கதான் இருக்காங்கன்னு சொன்னீங்க, அப்பறம் என்னத்தங்க இவ்வளவு நேரம் ரோசன பண்றீங்க?" என்று கேட்டார். அவர் எந்தப் பக்கம் சொன்னார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நீ அந்த வீட்டில் படுத்திருக்க, ஆடி மாதத்து மழையில் மேலேயிருந்து மண் இறங்கி வருவதை நினைத்துப் பார்த்தேன். என்னை அக்கா வெறுத்தாலும் உயிரோடு இருந்து வெறுக்கட்டும் என்று சிவப்பைப் போட்டேன்.

மாற்று வீடு கொடுத்த பிறகே காலி செய்ய வேண்டும் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். கம்பெனி அதை மதிக்கும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். மழைக்காலம் முழுக்க நீங்கள் மூவரும் இங்கே வந்து என்னோடு இருங்கள். இரண்டு அறை இருக்கிறது. கல் பெட்டிகளை எடுத்து வெளியே வைத்துவிடுகிறேன்.

உன் பெர்சி


கோயில் ஹால், அணைக்கல்
8 ஜூன் 2025

பெர்சிக்கு,

மழை இந்த வருடம் முந்தியே வந்துவிட்டது. அதைவிட முந்தி மேனேஜர் வந்துவிட்டார். கையில் உன் அறிக்கை. நீ இரண்டு இடத்தில் எழுதினதாகச் சொன்ன மாற்று வீட்டுப் பக்கம் அதில் இல்லை, சிவப்புப் போட்ட படம் மட்டும் இருந்தது. "உங்கட சொந்தக்காரி டீச்சர்தானே எழுதிருக்கு, நான் எந்து செய்யும்?" என்று மலையாளம் கலந்த தமிழில் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். லயமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை எந்தக் குழுவில் கொண்டுபோய்க் கொடுப்பேன்?

எல்லா வீட்டையும் பூட்டிவிட்டார்கள். சிலர் தேனிப் பக்கம் சொந்தங்களிடம் போனார்கள். சிலர் வேலையை விட்டே போய்விட்டார்கள். நாங்கள் ஃபாதர் கொடுத்த ஹாலில், சேலையைக் கட்டித் தடுத்து இருக்கிறோம். அடிமாலிக்காரர்கள் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஜின்சி உன் பெயர் வந்தால் எழுந்து போய்விடுகிறாள்.

உன் வீட்டுக்கு வர மாட்டேன். உன் கற்களை வெளியே எடுத்து வைக்க வேண்டாம்.

மேரி


கொல்லங்கோடு
12 அக்டோபர் 2025

அக்கா,

மழை முடிந்துவிட்டது. மலை இடியவில்லை.

ஆகஸ்டில் உங்கள் பக்கம் வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. எதிர்ச்சரிவு ரோட்டில் நின்று பார்த்தேன். தேயிலை பச்சையாக, சீவின மாதிரி இருந்தது. நடுவில் உன் லயம், கூரை எல்லாம் அப்படியே. முற்றத்தில் மட்டும் புல். மண்ணில் ஒரு கீறல் கூட இல்லை. ஒரு மலை ஆடாமல் அசையாமல் நிற்பதைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

போன வாரம் பிள்ளைகளை நெல்லியாம்பதி அடிவாரத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். சரிவுகளைப் பற்றிப் பாடம். ஒரு பெண் கேட்டாள், "மிஸ், சிவப்புப் போட்டும் இடியலைன்னா என்ன அர்த்தம்?" அதற்கு நான் எப்போதும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. யாரும் சாகவில்லை என்று அர்த்தம், நல்லது என்று அர்த்தம். அன்றைக்கு நான் தண்ணீர் குடித்துவிட்டு வேறு பாறையைக் காட்டினேன்.

மாற்று வீடு பற்றிக் கலெக்ட்ரேட்டுக்கு ஐந்தாறு தரம் போனேன். கோப்பு நகர்கிறது என்கிறார்கள். மலை நகராத நாட்டில் கோப்பாவது நகரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இப்படிக் கேலி பேசுகிற நிலையில் நான் இல்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். நீ திட்டியாவது ஒரு வரி எழுது. திட்டும்போது உன் கையெழுத்து நன்றாக இருக்கும்.

பெர்சி


கோயில் ஹால், அணைக்கல்
9 நவம்பர் 2025

பெர்சி,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. ஃபாதரிடம் சொல்ல முடியாது, உன் அத்தானிடம் சொன்னால் அவர் தாங்க மாட்டார்.

கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மாவுக்குத் திரி ஏற்ற மேலே போனேன். நம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழி லயத்துக்குப் பின்னால்தானே போகிறது. போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய் என் பின்சுவர் முன்னால் நின்றேன். இந்த வருடம் வெள்ளை அடிக்க ஆள் இல்லை. மழை என் சுண்ணாம்பை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது, நான் அடைத்த மண்ணும் கரைந்து கீழே கிடந்தது. விரிசல் தெரிந்தது. அதன்மேல் உன் சிமெண்ட் இருந்தது. உன் ஆணியெழுத்தில் தேதி, நேற்று கீறின மாதிரி.

உடையவில்லை. ஒரு மயிரிழை கூட இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். இவ்வளவு மழையும் அதன்மேல்தான் பெய்திருக்கிறது.

அன்றைக்கு உன் மாணவி கையில் கத்தியோடு நின்றாளே, நான் அவள் கையைப் பிடித்தேனே. விட்டிருந்தால் மஞ்சள். என் வீடு எனக்கு. அந்த ஜனங்களுக்கெல்லாம் அவரவர் வீடு. உடைந்திருக்கும் என்று பயந்து மூடினேன். எனக்காகப் பேச இருந்த ஒரே வாயை நானே என் கையால் அடைத்திருக்கிறேன். ஒரு சிமெண்டை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது, அடுத்த மழைக்கு இடியலாம் என்று நீ எழுதுவாய். எழுது. பெரிய எழுத்தில் எழுது, நான் தினமும் படிக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். கல்லறைக்குப் போய்த் திரி ஏற்றினேன். மரித்தவர்களுக்காகச் செபம் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது அது இல்லை. "சாமி, இந்த மலை விழட்டும்" என்று கேட்டேன், பெர்சி. லயத்தின்மேல் விழட்டும், ஆள் இல்லாத வீட்டின்மேல்தானே, எல்லோரும் பார்க்கட்டும், நாங்கள் சும்மா தெருவுக்கு வரவில்லை என்று ஆகட்டும் என்று கேட்டேன். மலை விழுந்தால் முதலில் எங்கே விழும்? அப்பா அம்மா தலையில். அவர்கள் காலடியில் நின்றுகொண்டுதான் கேட்டேன்.

அதன்பிறகு இங்கே மழை பெய்கிறபோதெல்லாம் அதே செபம் தன்னால் வருகிறது. இன்று பூசையில் வாசகம் வாசிக்க எழுந்திருக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று சொன்னேன். என்னை என்ன செய்துவிட்டாய் நீ? நான் என்ன செய்துகொண்டேன்?

உன் அக்கா


கொல்லங்கோடு
14 நவம்பர் 2025

அக்கா,

உன் கடிதம் இன்று கல்லூரி முகவரிக்கு வந்தது. வகுப்பை விட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

குறி உடையவில்லை என்று குழுவுக்கு இப்போதுதான் எழுதி அனுப்பினேன். அதை வைத்துப் பூட்டைத் திறக்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். பெரிய எழுத்தில் எழுதச் சொன்னதையும் எழுதுகிறேன். ஒரு மழைக்காலம் உடையாத குறி, அடுத்த மழைக்கு எதையும் உறுதி சொல்லாது. இது பொய் இல்லை. ஆறுதலும் இல்லை.

 நீ கேட்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜூனிலிருந்து தினமும் காலையில் பேப்பரை விரித்து மலை சரிந்த செய்திகளில் அணைக்கல் என்ற பெயரைத் தேடினேன். பெயர் இல்லாத நாளில் நிம்மதியாக மடித்து வைத்திருக்க வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் ஏமாந்துபோய் மடித்து வைத்தேன். அந்த ஏமாற்றத்துக்குப் பெயர் என்னவென்று உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது.

நீ கல்லறையில் கேட்டாய். நான் பேப்பரில் கேட்டேன். இங்கேயும் இப்போது மழை தூறுகிறது, அக்கா. நானும் சாமியிடம் நீ கேட்டதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெர்சி